புலி திரும்பிப் பார்க்கவில்லை



வர்ற ஆடி அமாவாசைக்கு நம்ம கோயில்ல காலையில தர்ப்பணமும், சாயந்திரம் மோட்ச தீபமும் வழக்கம்போல இருக்கு. நேரம், கொண்டு வர வேண்டிய சாமான் எல்லாம் நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. இந்தப் பதிவு அதுக்காக இல்லை. "இறந்த நாள் தெரியாது, கடைசி முகம் பார்க்கல, நாங்க எப்படிக் கொடுக்கிறது?" என்று வருஷா வருஷம் நாலு பேராவது தொண்டர்கள் கிட்ட வந்து தயங்கித் தயங்கிக் கேட்கிறாங்க. அவங்களுக்காக எழுதறோம். அதைச் சொல்ல ஒரு சினிமாப் படத்தைத் துணைக்குக் கூப்பிடறோம். கோயில் பேஜ்ல சினிமாவா என்று யாரும் கோபப்பட வேண்டாம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ஸ்கூல் லீவுல சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு மண்டபத்துல ஒரு வெள்ளைத் துணி கட்டி 'லைஃப் ஆஃப் பை' படம் போட்டோம். பிள்ளைகள் புலிக்காக உட்கார்ந்தாங்க. சமையலுக்கு வந்த அம்மாமார்கள், பாத்திரம் கழுவ நின்ன நாங்க, எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து உட்கார்ந்து கடைசிவரை எழுந்திருக்கல.

படம் வந்தது 2012-இல். கனடா எழுத்தாளர் யான் மார்டெல் 2001-இல் எழுதிய நாவல் அது, மறு வருஷம் புக்கர் பரிசு வாங்கியது. தைவான்காரர் ஆங் லீ அதைப் படமாக்கினார். 2013-இல் நாலு ஆஸ்கர் கிடைச்சது: இயக்கம், ஒளிப்பதிவு, கிராபிக்ஸ், இசை. ஆரம்பத்துல வரும் தாலாட்டு நம்ம தமிழ்த் தாலாட்டு. பாம்பே ஜெயஸ்ரீ பாடினது, ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போன பாட்டு.

கதை புதுச்சேரியில ஆரம்பிக்குது. பை பட்டேல் என்ற பையன். அப்பா மிருகக்காட்சி சாலை நடத்துறார். அம்மா வாசல்ல கோலம் போடுறாங்க. பையன் ராத்திரி போர்வைக்குள்ள கண்ணன் கதைப் புத்தகம் பார்க்கிறான். யசோதை வாயைத் திறக்கச் சொல்ல, குழந்தை வாய்க்குள்ள அண்டசராசரமும் தெரியுற கதை. கோயில் குளத்துல தெப்பம். தண்ணி முழுக்க விளக்கு. நம்ம பிள்ளைகள் அந்த இடத்துல "ஐ, நம்ம திருவிழா மாதிரி" என்று கத்தினாங்க.

அப்புறம் அப்பா எல்லாத்தையும் வித்துட்டு, மிருகங்களோட கப்பல் ஏறிக் கனடாவுக்குக் கிளம்புறார். மணிலாவைத் தாண்டிப் போகும்போது ராத்திரி புயல். பை மட்டும் வேடிக்கை பார்க்க மேல வர்றான். அப்பா, அம்மா, அண்ணன் மூணு பேரும் கீழ தூங்கிட்டு இருக்காங்க. கப்பல் முழுகுது. உயிர்காக்கும் படகுல விழுந்தவன் ஒரு கட்டத்துல தண்ணிக்குள்ள இருந்து பார்க்கிறான். கப்பல் விளக்கெல்லாம் எரிஞ்சபடியே இருட்டுக்குள்ள இறங்கிப் போகுது. சத்தமே இல்லை. எங்க மண்டபத்துலயும் அப்போ சத்தமே இல்லை.

அந்தக் காட்சி எவ்வளவு அழகு என்று சொல்லவே சங்கடமா இருக்கு. மூணு உயிர் போகுது, ஆனா கண்ணை எடுக்க முடியல. படம் முழுக்க இப்படித்தான். கடல் கண்ணாடி மாதிரி அசையாம இருக்கும், வானத்துப் பொன் நிறம் அப்படியே தண்ணியில கிடக்கும், படகு ரெண்டுக்கும் நடுவுல தொங்குற மாதிரி இருக்கும். ராத்திரியில கடல் நீலமா ஒளிரும், அதுக்குள்ள இருந்து ஒரு திமிங்கிலம் எகிறிக் குதிக்கும். இதெல்லாம் நிஜக் கடலும் இல்லை. தைவான்ல தைச்சுங் நகரத்துப் பழைய விமான நிலையத்துல பெரிய தொட்டி கட்டி, அலை உண்டாக்கி எடுத்தாங்க. புலியும் பெரும்பாலும் கம்ப்யூட்டர் புலிதான். அதைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் கம்பெனிக்கு நம்ம சிலாங்கூர்ல, சைபர்ஜெயாவிலும் ஒரு கிளை இருந்தது. ஆஸ்கர் மேடை ஏறுறதுக்குச் சில நாள் முன்னாடிதான் அந்தக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அந்தப் புலிக்கு உயிர் கொடுத்தவங்கள்ல பலருக்கு வேலை போச்சு. ஃபேக்டரியில ஆளைக் கட்டி மேய்க்கிற நமக்கு அந்தச் செய்தி படத்தைவிட்டுத் தனியாத் தெரியல.

சரி, கதைக்கு வருவோம்.

படகுல கால் ஒடிஞ்ச வரிக்குதிரை, கழுதைப்புலி, ஒராங் ஊத்தான், அப்புறம் ரிச்சர்ட் பார்க்கர் என்ற புலி. கடைசியில புலியும் பையனும்தான் மிச்சம். 227 நாள் கடல்ல. சைவமா வளர்ந்த பையன் முதல் மீனை அடிச்சுக் கொன்னுட்டு அழறான். மகாவிஷ்ணுவே மீனா வந்து தன்னைக் காப்பாத்தினார் என்று நன்றி சொல்றான். மச்சாவதாரம் படிச்ச நம்ம பிள்ளைகளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டி வரல.

இன்னொரு புயல் வருது. மின்னலைப் பார்த்து இவன் சாமியே வந்துட்டார்னு சந்தோஷப்படறான், புலியையும் பார்க்கச் சொல்லிப் படகு மேல போட்ட தார்ப்பாயை விலக்குறான். புலி பயந்து நடுங்குது. அதைப் பார்த்ததும் இவன் வானத்தைப் பார்த்துக் கத்துறான். குடும்பம் போச்சு, எல்லாம் போச்சு, சரணடைஞ்சுட்டேன், இன்னும் என்ன வேணும் உனக்கு என்று கேட்கிறான். கோயில்ல நின்னு இதே கேள்வியைக் கேட்டவங்களை நாங்க பார்த்திருக்கோம். சாமி மேல கோபம் வந்தா பக்தி போச்சு என்று அர்த்தம் இல்லை. யார் மேல உரிமை இருக்கோ அவங்க கிட்டத்தான் சண்டை போடுவோம்.

கடைசியில படகு மெக்சிகோ கரையில ஒதுங்குது. எலும்பும் தோலுமா இருக்கிற புலி இறங்கி, மணல்ல நடந்து, காட்டு ஓரத்துல ஒரு நிமிஷம் நிக்குது. இப்போ திரும்பிப் பார்க்கும் என்று பையன் காத்திருக்கான். நாங்களும் காத்திருந்தோம். அது திரும்பிப் பார்க்கல. காட்டுக்குள்ள போயிடுச்சு. ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போகும்போது பையன் குழந்தை மாதிரி அழறான். பிழைச்ச சந்தோஷத்துல இல்லை. இத்தனை நாள் கூட இருந்தது ஒரு விடை சொல்லாம போயிடுச்சே என்று. வயசான பிறகும் அதைச் சொல்லும்போது அவன் கண்ணு கலங்குது. அப்பாவுக்கு நன்றி சொல்லலையே என்றும் சொல்றான். புலி நண்பன் இல்லை என்று சின்ன வயசுல அப்பா ஆட்டைக் கட்டிக் காட்டிக் கொடுத்த பாடம்தானே அவனைக் கடல்ல காப்பாத்தினது.

படம் முடிஞ்சு லைட் போட்டோம். பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடினாங்க. பின் வரிசையில ஒரு அக்கா மட்டும் எழுந்திருக்கல. அவங்க அனுமதியோட இதை எழுதறோம், பேர் வேண்டாம் என்றாங்க.

2021 ஜூன் 1-ஆம் தேதி முழு முடக்கம் ஆரம்பிச்சாங்களே, அதுக்கு அடுத்த மாசம் அவங்க வீட்டுக்காரருக்குக் கோவிட். அன்னதானத்துக்கு அரிசி மூட்டையைத் தனியாளா தோள்ல தூக்கிட்டு வர்ற மனுஷன். வெள்ளை உடுப்புப் போட்டவங்க ஆம்புலன்ஸோட வந்தாங்க. அண்ணன் தானே நடந்து போய் ஏறினார். கேட்டைத் தாண்டும்போது, "அடுப்பை அணைச்சியா பாரு" என்று சொல்லிட்டுப் போனார். அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் போன் வந்தது. உடம்பை வீட்டுக்குக் கொண்டு வரல. வாய்க்கரிசி இல்லை, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கல. மகன் மட்டும் தூரத்துல நின்னு பார்த்துட்டு வந்தார். அந்த நேரத்துல நாட்டுல எத்தனையோ வீட்டுல இப்படித்தான். யாரையும் குறை சொல்ல இல்லை, நோயோட சட்டம் அப்படி இருந்தது.

அதுக்கப்புறம் அக்கா கோயிலுக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. பார்க்கப் போனா ஒரே பேச்சுத்தான்: "அவரு திரும்பியே பார்க்கல தம்பி." பதினாறாம் நாள் கிரியை மகன் வீட்டுலயே சுருக்கமா செஞ்சார். அக்கா மனசு அதை ஏத்துக்கல. சமையலுக்கு ஆள் பத்தல என்று ரொம்பக் கெஞ்சித்தான் அன்னைக்கு அவங்களை வரவழைச்சோம். இந்தப் படம் அவங்களுக்காகப் போட்டது இல்லை, தற்செயல்.

அன்னைக்கு மண்டபத்துல உட்கார்ந்தபடியே அக்கா கேட்டாங்க, "அந்தப் புலிக்கு மனசே இல்லையா?"

பதில் சொன்னவர் எங்க தொண்டர் குழுவிலேயே மூத்தவர், எண்பது வயசு தாண்டின தாத்தா. கிரியைக்கு எல்லாம் முன்ன நின்னு எடுத்துச் சொல்றவர். "கொள்ளி வச்சவனை நாம என்ன சொல்றோம்மா? திரும்பிப் பார்க்காம வான்னு சொல்றோம். அவனுக்கு மனசு இல்லைன்னா சொல்றோம்?" என்றார்.

இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம். குடம் உடைச்சு, கொள்ளி வச்ச பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. போற உயிரைப் பின்னால இருந்து கூப்பிடக் கூடாது, அதோட வழியில போகட்டும் என்று பெரியவங்க வச்சது. ஆனா ஒன்னைக் கவனிங்க. திரும்பிப் பார்க்காம வா என்று சொல்றது எப்போ? குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசி போட்டு, மூணு சுத்துச் சுத்தி, வாய்விட்டு அழுது, எல்லாம் முடிஞ்ச பிறகு. ஃபேக்டரியில ஷிப்ட் முடிஞ்சா மெஷினை அப்படியே போட்டுட்டுப் போக விட மாட்டோம். அடுத்த ஆள் வரணும், ஒப்படைக்கணும், கையெழுத்துப் போடணும். அப்புறம் கேட்டைத் தாண்டினா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. நம்ம சடங்கும் ஒரு ஒப்படைப்புத்தான். பைக்கும் அது கிடைக்கல, அக்காவுக்கும் கிடைக்கல. ரெண்டு பேருக்கும் வலி அங்கதான்.

தாத்தா அதோட விடல. அவர் கைக்குழந்தையா இருக்கும்போது ஜப்பான்காரன் காலம். அவங்க அப்பாவை எஸ்டேட்ல இருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிட்டுப் போனாங்க. 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் போட்ட அந்தப் பாதையை நாம மரண ரயில் என்றுதான் சொல்றோம். மலாயாத் தோட்டங்கள்ல இருந்து போன தமிழர்கள்ல ஏராளமானவங்க காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அங்கேயே போயிட்டாங்க. நாள் தெரியாது, இடம் தெரியாது, எலும்பு கூட வரல. தாத்தாவோட அம்மா பல வருஷம் ஒரு வாய் சோறு தனியா எடுத்து வச்சுட்டுத்தான் சாப்பிடுவாங்களாம். வந்துட்டா பசியோட வருவாரே என்று. கடைசியில தோட்டத்துக் கோயில் பூசாரி ஒரு ஆடி அமாவாசை அன்னைக்கு, "நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசைதான் நாள், ஆத்தா" என்று சொல்லி, பையனைக் கையில எள்ளும் தண்ணியும் விடச் சொன்னாராம். "அன்னைக்குத்தான் எங்கம்மா ஒரே இலையில முழுசா சாப்பிட்டாங்க" என்றார் தாத்தா.

பக்தர்களே, உங்க கேள்விக்குப் பதில் இதுதான். உடம்பு இல்லாட்டியும் பரவாயில்லை, நாள் தெரியாட்டியும் பரவாயில்லை. நம்ம முறையில அதுக்கு இடம் இருக்கு. விடை சொல்றதுக்கு நேரம் தாண்டிப் போச்சு என்று ஒன்னு கிடையாது.

இன்னொரு செய்தியும் சொல்லணும். படத்துல வயசான பையா நடிச்சவர் இர்ஃபான் கான். வாழ்க்கையில எல்லாத்தையும் விடத்தான் வேண்டியிருக்கு, விடை சொல்ல ஒரு நிமிஷம் கிடைக்காததுதான் வலி என்ற பொருள்ல அவர் பேசுற இடம் வரும். எட்டு வருஷம் கழிச்சு, 2020 ஏப்ரல் 25-இல் ஜெய்ப்பூர்ல அவரோட அம்மா காலமானாங்க. இந்தியாவுல ஊரடங்கு. மும்பையில நோயோட இருந்த மகனால போக முடியல. நாலே நாள்ல, 29-ஆம் தேதி, அவரும் போயிட்டார். அவரோட அடக்கத்துக்கும் விரல் விட்டு எண்ணுற மாதிரிக் கொஞ்சம் பேர்தான். அவர் இஸ்லாமியர், வேற முறை. ஆனா துக்கத்துக்கு மதம் ஏது. இப்போ அந்தக் காட்சியைப் பார்த்தா அவர் நடிக்கிறார் என்று தோணல.

படத்தோட முடிவுல ஒரு விஷயம் இருக்கு. கப்பல் கம்பெனிக்காக வந்த ஜப்பான்காரங்க புலிக் கதையை நம்பல. அப்போ பை இன்னொரு கதை சொல்றான். அதுல மிருகமே இல்லை. படகுல இருந்தது அவனோட அம்மா, சமையல்காரன், ஒரு மாலுமி. மனுஷனை மனுஷன் கொல்ற கதை. அம்மாவும் அதுல சாகறாங்க. ரெண்டு கதையிலயும் கப்பல் முழுகுது, ரெண்டுலயும் குடும்பம் போயிடுது. இதுல எது உங்களுக்குப் பிடிச்சது என்று கேட்கிறான். புலிக் கதை என்று பதில் வருது. கடவுள் விஷயமும் அப்படித்தான் என்கிறான்.

சில பேர் இதைக் கேட்டுட்டு, அப்போ சாமி வெறும் கற்பனை என்றா படம் சொல்லுது என்று வாதம் பண்ணினாங்க. நாங்க அப்படிப் பார்க்கல. மூலஸ்தானத்துல இருக்கிறது கல்லு என்று நமக்குத் தெரியாதா? தெரியும். அதுக்குப் பால் ஊத்தி, சந்தனம் சாத்தி, பட்டுக் கட்டி, தீபம் காட்டும்போது அம்பாள் நம்மளைப் பார்க்கிறா. அதுவும் நமக்குத் தெரியும். அலங்காரம் பொய் இல்லை. தாங்க முடியாததைத் தாங்குறதுக்கு மனுஷனுக்கு ஒரு உருவம் வேணும். கடலை அவ்வளவு அழகா அந்தப் படம் காட்டினதும் அதுக்குத்தான் என்று எங்களுக்குப் படுது. நடுக்கடல்ல ஒரு தீவு வருது. தூரத்துல இருந்து பார்த்தா யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கும். பாற்கடல்ல பள்ளிகொண்ட பெருமாள் என்று நம்ம பாட்டிமார்கள் ஒருத்தரும் சொல்லித் தராமலே கண்டுபிடிச்சாங்க. முழுகினவங்க எங்க போனாங்க என்ற கேள்விக்கு அது ஒரு பதில். அவர் படுத்திருக்கிற தண்ணிக்குள்ளதான் போனாங்க.

சாமி கும்பிட்டா சாவு வராது என்று யாரும் சொல்லல. கும்பிடறவன் கப்பலும் முழுகும். முழுகின பிறகு 227 நாள் எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது என்பதுதான் பக்தி சொல்லித் தர்றது. பையனுக்கு அந்தப் புலி இருந்தது. அது இல்லாட்டி அவன் சோம்பி, சோர்ந்து, போயிருப்பான் என்று அவனே சொல்றான். அதுக்கு மீன் பிடிக்கணும், தண்ணி கொடுக்கணும், அதுகிட்ட இருந்து தப்பிக்கணும். துக்கமும் அப்படி ஒரு புலிதான் போல. கூடவே இருக்கும், பயமுறுத்தும், ஆனா நம்மளை எழுந்து வேலை பார்க்க வைக்கும். கரை வந்ததும் அது பாட்டுக்குக் காட்டுக்குள்ள போயிடும். போனதுக்கும் ஒரு அழுகை வரும்.

அந்த அக்கா அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு வந்தாங்க. காலையில மகன் தஞ்சோங் மாலிம் பக்கம் பெர்ணம் ஆத்தங்கரையில தர்ப்பணம் கொடுத்தார். எள்ளும் தண்ணியும் அந்த ஆத்தோட சபாக் பெர்ணம் தாண்டிக் கடலுக்குப் போகும். சாயந்திரம் அக்கா மோட்ச தீபம் ஏத்தினாங்க. ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னாங்க. அழுதாங்க. அப்புறம் எங்க பக்கம் வந்து, "அடுப்பை அணைச்சியான்னு கேட்டாரே தம்பி, அது என்னைத்தானே கேட்டாரு" என்றாங்க. நாங்க ஒன்னும் சொல்லல. சொல்ல என்ன இருக்கு. இப்போ வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வர்றாங்க. எல்லாம் ஆறிடுச்சு என்று அவங்களும் சொல்லல, நாங்களும் சொல்ல மாட்டோம். தீபாவளி நாள்ல இன்னும் போன் எடுக்க மாட்டாங்க.

படம் கிடைச்சா குடும்பத்தோட பாருங்க. சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்னு ரெண்டு இடம் பயமா இருக்கும், பக்கத்துல உட்கார்ந்துக்கோங்க.

ஆடி அமாவாசைக்கு வர நினைக்கிறவங்க கொஞ்சம் எள்ளும், முடிஞ்சா ஒரு பிடி பச்சரிசியும் கொண்டு வாங்க, மத்தது கோயில்ல இருக்கு. இறந்தவங்க பேர் தெரிஞ்சா போதும். பேரும் தெரியாத சயாம் போன தாத்தா, எஸ்டேட்ல பிறந்ததும் போன குழந்தை, யாரும் இல்லாம போன பக்கத்து வீட்டுக்காரர், எல்லாருக்கும் சேர்த்து ஒரு பொதுத் தீபம் வாசல்ல வச்சிருப்போம். திரி போட்டு எண்ணெய் ஊத்தி வைக்கிறது எங்க வேலை. ஏத்துறது உங்க கை.

அம்பாள் எல்லாரையும் காப்பாத்தட்டும்.

அன்புடன்,
கோயில் தொண்டர்கள், கலும்பாங்